வெந்நீர் மேலவை

காலையில் எழுந்ததும் தில்லைநாயகி தன் மகளின் மூக்கைச் சின்னச் சுத்தியலால் தட்டினாள். இரண்டே தட்டு. பட்டாணி அளவில் ஒரு பச்சைப் பனிக்கட்டி உடைந்து தரையில் உருண்டது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நேற்றைவிடப் பெரியது. நிறைமதிக்கு நான்கு வயது. அவள் இருமினால் வாயிலிருந்து ஆலங்கட்டி விழும்.

ஏழாம் சுரங்கத்தில் எல்லா வீட்டிலும் விடிவது இப்படித்தான். பல் துலக்குவது அப்புறம், முதலில் மூக்கு உடைப்பது. வியாழனைச் சுற்றிவரும் காலிஸ்டோ நிலவில், பனிக்கு அடியில் குடைந்த ஊர் புதுக்கரை. ஊருக்கு ஒரே ஓர் அணுவுலை. அது தரும் வெப்பம் பத்துப் பங்கு என்றால் ஒன்பது பங்கு நேராக உச்சித் தளத்துக்கு, மேலவைக்குப் போய்விடும். மிச்சமிருக்கும் ஒரு பங்கில் நாற்பதாயிரம் பேர் குளிர்காய வேண்டும்.

மேலவைக்கு எதற்கு அவ்வளவு சூடு? மேலவை உறுப்பினர் பதவி ஆயுள் உள்ளவரை என்று ஆதியில் குடியேறியவர்கள் சட்டத்தில் எழுதிவைத்துவிட்டார்கள். பின்னால் ஒருவன் ஆயுள்நீட்டித் தொட்டியைக் கண்டுபிடித்துத் தொலைப்பான் என்று யார் கண்டது! வெந்நீரில் பாசிக்கூழைக் கரைத்து, கழுத்துவரை அமிழ்ந்து கிடந்தால் போதும், சாவு கிட்டவே வராது. இருநூறு வயது, முந்நூறு வயது என்று எழுபது பேர், ரசத்தில் விழுந்த வடை மாதிரி எழுபது தொட்டிகளில் ஊறிக்கொண்டிருந்தார்கள். விரல் எங்கே முடிகிறது, நகம் எங்கே தொடங்குகிறது என்று அவர்களுக்கே தெரியாது. மேலவையின் கதவை ஒரு விரற்கடை திறந்தால் போதும், நாற்றம் தாங்காமல் மூன்று தளம் கீழே கல்யாணப் பந்தியில் இலையை மூடிவிட்டு எழுந்து ஓடுவார்கள்.

நாக்கும் ஊறிப்போனதால் அவர்களால் பேச முடியாது. எனவே குமிழ்வாக்கு. ஒரு குமிழ் விட்டால் சம்மதம். இரண்டு விட்டால் மறுப்பு. மூன்று விட்டால் ‘மேலும் ஆழ்ந்து பரிசீலிக்க வேண்டியது’. குமிழ் உடம்பின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் செல்லும். எந்தப் பக்கம் என்று விசாரிப்பது அவை உரிமை மீறல். குமிழ்களை எண்ணிப் பதிவு செய்ய ஏவலன் என்றொரு இயந்திரம் அங்கே நின்றது. அதற்கு மூக்கு வைக்காமல் விட்ட பொறியாளர் புண்ணியவான்.

ஏழாம் சுரங்கத்துக்கு வெப்பக்குழாய் போடும் மசோதா தில்லைநாயகி பிறப்பதற்கு முன்பே கீழவையில் நிறைவேறி மேலே போனது. அன்றிலிருந்து அது மூன்று குமிழிலேயே நின்றது.

அதனால்தான் அவள் மேலவை ஒழிப்புப் பொதுவாக்கெடுப்பைக் கிளப்பினாள். பிரசாரத்துக்கு ஒரே ஒரு பாட்டில். அதில் தொட்டித் தண்ணீர். சுரங்கம் சுரங்கமாகப் போவாள், கூட்டத்தின் நடுவில் மூடியைத் திறப்பாள். கூட்டம் வாந்தி எடுக்கும், வாயைத் துடைக்கும், கையெழுத்துப் போடும். மூன்றாம் சுரங்கத்து முத்தழகன் எடுத்த வாந்தி ஊர் முழுக்கப் பேசப்பட்டது. அன்றே அவன் பிரசாரக் குழுவில் சேர்ந்துவிட்டான்.

“ஒழிச்ச பிறகு அந்தத் தொட்டியை எல்லாம் என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டான் அவள் கணவன் இமையவன்.

“உடைச்சு நொறுக்கணும்.”

“நல்ல தொட்டி, நாயகி. கழுவினா…”

“வாயைக் கழுவுங்க முதல்ல!”

இமையவனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பூமியிலிருந்து கிளம்பியபோது புதுக்கரைக்காரர்கள் விதைகளைக் கொண்டுவந்தார்கள், ஒன்றும் முளைக்கவில்லை. துண்டு போட்டு இடம் பிடிக்கும் வழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். அது பிரமாதமாக வேர்பிடித்தது. காலிஸ்டோவில் ஈர்ப்பு குறைவு. வீசிய துண்டு விரித்த வாக்கில் மிதந்து போகும். சுரங்க ரயில் வளைவில் திரும்பும்போதே, பிளாட்பாரத்தில் நின்றபடி ஜன்னல் வழியாக வீசி, இரண்டாவது பெட்டியில் மூன்றாவது இருக்கையைப் பிடிக்கிற ஆள் இமையவன். துண்டு விழுந்த இருக்கையில் அடுத்தவன் உட்கார்ந்ததாக அந்த நிலவின் வரலாற்றிலேயே கிடையாது.

வாக்கெடுப்பில் ஊரே ‘ஒழி’ என்றது. அதில் சேராதவை எழுபது தொட்டிக் குமிழ்கள் மட்டும். சம்மதமா மறுப்பா என்று கேட்டதற்கு எல்லோரும் மூன்று மூன்றாக விட்டதால் அவையும் செல்லாமல் போயின. பழைய உறுப்பினர்களை வலைபோட்டுத் தூக்கி, பிழிந்து, கொடியில் உலர்த்தி, முதியோர் விடுதியில் சேர்த்தார்கள். உலர்ந்து நாக்கு திரும்பியதும் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, “கூழ் எப்ப வரும்?”

வெப்பத்தைத் திருப்பிவிட உலையின் வால்வை மூட வேண்டும். அதற்கு ஒருவர் உத்தரவிட வேண்டும். இதுவரை உத்தரவிட்டது மேலவை, அதைத்தான் ஒழித்தாயிற்றே! ஆகவே கீழவை அவசரமாகக் கூடி ‘மேலவை ஒழிப்பு மேற்பார்வைக் குழு’வை அமைத்தது. பிரசாரத்தில் உழைத்த எழுபது பேர் உறுப்பினர்கள். அவர்களில் தில்லைநாயகி தலைவர். எழுபது பேர் உட்கார ஊரில் வேறு இடம் இல்லாததால் கூட்டம் உச்சித் தளத்தில்.

நிறைமதியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மூக்கை முந்தானையால் கட்டிக்கொண்டு, தில்லைநாயகி மேலே போனாள். வால்வை மூடிவிட்டு ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடுவதாகப் பக்கத்து வீட்டு செங்காந்தளிடம் சொல்லியிருந்தாள். செங்காந்தள் வீட்டிலும் இரண்டு மூக்குகள் காத்திருந்தன.

கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். ஒவ்வொரு தொட்டியின் விளிம்பிலும் ஒரு துண்டு. ஒவ்வொரு துண்டுக்குக் கீழேயும் ஓர் ஒழிப்பு வீரன், கழுத்துவரை.

“காலையில் கதவைத் திறந்தேன், அம்மா,” என்றது ஏவலன். “முதலில் துண்டுகள் பறந்து வந்தன. ஆட்கள் பிறகுதான் வந்தார்கள்.”

“முத்தழகா! என்னடா இது?”

“சும்மா கால் நனைக்கத்தான்க்கா,” என்றான் முத்தழகன். நனைந்திருந்தது தாடை.

“வெளியே வாங்க எல்லாரும். வால்வை மூடணும்.”

“மூடுவோம்க்கா, மூடாம விடுவோமா? தீர்மானம் போட்டுத்தானே மூடணும்? தீர்மானம் போட உட்காரணும்ல?”

“வாந்தி எடுத்தியேடா இந்தத் தண்ணியைப் பார்த்து!”

“அது ஆறின தண்ணிக்கா. சூடா இருந்தா வாடையே தெரியல.”

“அவன் முதல்ல எழுந்திரிக்கட்டும், நான் எழுந்திரிக்கிறேன்,” என்றார் பக்கத்துத் தொட்டிக்காரர். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் அதையே சொன்னார். அந்தப் பேச்சு எழுபது தொட்டியையும் சுற்றி வந்தது.

எழுபது இல்லை, அறுபத்தொன்பது. நட்ட நடுவில், பனிக்கு மேலே எட்டிப்பார்க்கும் கண்ணாடிக் கூரையில் வியாழன் ஆரஞ்சு நிறத்தில் பெரிதாகத் தெரிகிற இடத்தில், ஒரு தொட்டி காலியாக இருந்தது. அதன்மேல் நீலக்கரை போட்ட துண்டு. அவள் வீட்டுத் துண்டு. பக்கத்தில் இமையவன் பெருமையாக நின்றான்.

“உனக்குத்தான். வாசப்படியிலிருந்தே எறிஞ்சேன். எத்தனை பேர் தலைக்கு மேல பறந்து வந்துச்சு தெரியுமா?”

“தூ!” தில்லைநாயகி துண்டைப் பிடுங்கினாள். குழந்தையைத் தொட்டி விளிம்பில் உட்காரவைத்துவிட்டு, துண்டை அவன் முகத்தில் எறியக் கையை ஓங்கினாள். அந்த நேரம் பார்த்து நிறைமதி இருமினாள். ஆலங்கட்டி தொட்டிக்குள் விழுந்து சொய்ங்கென்று கரைந்தது. அது எங்கே போனது என்று தேடக் குழந்தை கையை உள்ளே விட்டது.

“அம்மா,” என்றது ஆச்சரியத்தோடு, “இந்தத் தண்ணி கடிக்கல.”

ஓங்கிய கை இறங்கியது.

குழந்தையை முழங்கால்வரை இறக்கினாள். பிறகு இடுப்புவரை. நிறைமதியின் மூக்கு பிறந்ததிலிருந்து முதல் முறையாக ஒழுகியது. கட்டியாக இல்லை, சளியாக, தாராளமாக. அதைப் பார்த்துத் தில்லைநாயகி அழுதேவிட்டாள். குழந்தையைத் தனியாக விட முடியுமா? வழுக்கும் தொட்டி. தானும் காலை உள்ளே வைத்தாள். பாசிக்கூழ் கணுக்காலில் தவளையின் நாக்கு மாதிரி நக்கியது. உடம்பு கூசியது. அப்புறம் கூசவில்லை.

“சளி கரையற வரைக்கும்தான்,” என்றாள். யாரும் கேட்கவில்லை.

சில நாள் கழித்து இமையவன் கீழேயிருந்து ஒரு சேதியோடு வந்தான். “செங்காந்தள் வந்திருந்தா. காலி பாட்டில் ஒண்ணு கொண்டுவந்தா. இந்தத் தண்ணி கொஞ்சம் வேணுமாம்.”

“எதுக்காம்?”

“எங்கேயோ கூட்டமாம். நாத்தத்தைக் காட்டணுமாம்.”

“நாத்தமா?” தில்லைநாயகிக்கு உண்மையாகவே புரியவில்லை. “என்ன நாத்தம்?”

அப்போது ஏவலன் அவள் தொட்டியருகே வந்து தலை வணங்கியது.

“தலைவர் அவர்களே, முதல் தீர்மானம். இத்தளத்தின் வெப்பத்தை ஏழாம் சுரங்கத்துக்குத் திருப்பிவிடுவது. பகிர்ந்தால் எல்லோருக்கும் வெதுவெதுப்பு கிடைக்கும். யாருக்கும் வெந்நீர் கிடைக்காது. தங்கள் முடிவு?”

அறுபத்தொன்பது தலைகள் அவளைப் பார்த்தன. நிறைமதி அவள் மார்பில் தூங்கிக்கொண்டிருந்தாள், இருமல் இல்லாமல். சொல்ல வேண்டியது தில்லைநாயகிக்குத் தெரியும். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். பார்வைகள் கூச்சமாக இருந்ததால் குழந்தையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, தான் மட்டும் மூக்குவரை கீழே இறங்கினாள்.

ஒரு குமிழ் வந்தது. ஏவலன் ‘சம்மதம்’ என்று பதிந்தது.

இன்னொரு குமிழ் வந்தது. பதிந்ததை அழித்தது.

பிறகு, வெகுகாலம் இதே வேலையில் இருக்கிற இயந்திரத்தின் பொறுமையோடு, மூன்றாவதற்காகக் காத்து நின்றது.