கமாவும் நாலாம் சாவியும்

"ஒரு கமாவுக்காக ஜெயில்ல போடுவாங்களா சார்?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள் பிலோமி. ராயபுரம் தானியக் கிடங்கின் குமாஸ்தா இக்னேஷியஸின் மனைவி. "காலைல எங்க வூட்டுக்காரர போலீசு இட்டுகினு பூட்ச்சி."

சுங்க இலாகாவிலிருந்து ஓய்வு பெற்ற சுப்புராஜ் நாற்காலியைக் காட்டினார். 1951-ஆம் வருஷம், ரேஷன் காலம். கிடங்கில் வண்டு மருந்துப் புகை போட்டிருந்த நாலாம் அறைக்குள், முந்தின நாள் லாரி காத்திருந்ததால் அவசரமாக மூட்டை தூக்கப் போன கூலிக்காரன் தேசப்பன், வாசல் தாண்டியதுமே சுருண்டு விழுந்து செத்தான். எந்த அறைகளைத் திறக்கலாம் என்று இக்னேஷியஸ் இங்கிலீஷில் டைப் அடித்து ஒட்டிய உத்தரவில் தப்பாக விழுந்த ஒரு கமாதான் காரணம் என்று கிடங்கு சூப்பிரண்டு தாமஸ் எழுதிக் கொடுத்துவிட்டார்.

அங்கே உட்கார்ந்திருந்த சுப்புராஜின் தோஸ்து ஜாபர், டோல்கேட் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். இலக்கணம் என்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

"அந்த உத்தரவில் 'விச்' (which) என்ற சொல்லுக்கு முன்னால் கமா இல்லையென்றால், புகை போகக் காற்று விட்ட அறைகளை மட்டும் திற என்று பொருள். கமா விழுந்தால், எல்லா அறைக்கும் காற்று விட்டாயிற்று, எல்லாவற்றையும் திற என்று பொருள். ஆளைக் கொல்லும் கமா, சுப்பு!"

"அவரு போடவே இல்லன்றாரு," என்றாள் பிலோமி. அழுகை முட்டியது.

இருவரும் கிடங்குக்குப் போனபோது வாசலிலேயே மருந்து வாடை தொண்டையைப் பிடித்தது. உள்ளே போக ஜாபருக்குக் கால் வரவில்லை. ஆனால் உத்தரவைப் பார்த்ததும் பயம் பறந்தது. "கமா வரியை விட்டு மேலே நிற்கிறது. பிற்பாடு அடித்தது!"

"அதை வைத்து வக்கீல்கள் ஒரு வருஷம் வாதாடுவார்கள்," என்றார் சுப்புராஜ். தாமஸ் இடுப்புச் சாவியால் தன் அறையைத் திறந்தார். உள்ளே ஆணிகளில் கிடங்குச் சாவிகள் தொங்கின. இரண்டில் சிவப்புத் துணி முடிந்திருந்தது. நாலாம் சாவி, விசாரிக்க வந்திருந்த, சுப்புராஜுக்குத் தெரிந்த போலீஸ் இன்ஸ்பெக்டரிடம் இருந்தது. அதில் துணி இல்லை.

தேசப்பனின் மனைவி குப்பம்மாவையும் கூப்பிட்டு எல்லோரையும் உட்கார வைத்தார் சுப்புராஜ்.

"உன் புருஷன் உத்தரவைப் படித்தாரா?"

"அவரு கைநாட்டு சாமி. கடுதாசிய யாரு பாத்தா? சாவில செவப்பு இருந்தா புகை கீதுன்னு அர்த்தம். கிட்டயே போவ மாட்டாங்க. இல்லாங்காட்டி போவாங்க."

"மருந்து போட்டவன் துணி கட்ட மறந்திருப்பான்," என்றார் தாமஸ்.

சுப்புராஜ் நாலாம் சாவியை வெளிச்சத்தில் திருப்பினார். வளையத்தின் இடுக்கில் ஒரு சிவப்பு நூல் சிக்கியிருந்தது. "கட்டியிருக்கிறான். யாரோ பிய்த்திருக்கிறார்கள். பூட்டிய அறைக்குள் இருந்த சாவி. அந்த அறையின் சாவியோ உங்கள் இடுப்பில். வெளியே லாரி காத்திருந்தது, அவசரம்; சிவப்பு இருந்தால் கூலிக்காரர்கள் உள்ளே போக மாட்டார்கள் என்று நீங்கள்தான் துணியைப் பிய்த்தீர்கள். ஆள் செத்ததும் பழி போட ஒரு குமாஸ்தா வேண்டியிருந்தது, அதற்காகக் கமாவையும் அடித்துச் சேர்த்தீர்கள். படித்தவர் அல்லவா, கூலிக்காரனும் கடுதாசியைப் பார்த்துத்தான் நடப்பான் என்று நினைத்துவிட்டீர்கள்."

தாமஸ் நாற்காலியை விட்டு எழுந்தார். இன்ஸ்பெக்டர் அவர் தோளில் கை வைத்தார்.

சாயங்காலம் இக்னேஷியஸ் வெளியே வந்தார். பிலோமி நேரே குப்பம்மாவிடம் ஓடிக் கையைப் பிடித்தாள். "நீ சொன்னதாலதான் என் புருஷன் வந்தாரு, அக்கா."

"கமா இருந்தா ஒர்த்தன் குத்தம், இல்லாங்காட்டி இன்னொர்த்தன் குத்தம்ன்றாங்க," என்றாள் குப்பம்மா. "எப்டி எழுதினா எங்க வூட்டுக்காரரு வருவாரு? அத்த அந்த வாத்தியார கேட்டு சொல்லு."