பங்கர் வீணை

மீனாம்பிகை தன் புருஷனின் கைவேலைக்கு இரண்டு போத்தல் மண்ணெண்ணெய் என்று விலை சொன்னாள். பொருளாதாரத் தடைக்குள் கிடந்த யாழ்ப்பாணத்தில் அது ஒரு ராசகுமாரத்திக்குச் சீதனம் கொடுக்கிற அளவு.

"அரைப் போத்தல்," என்றார் பழைய இரும்பு வியாபாரி சண்முகநாதன்.

"அண்ணை, அதுக்கு உங்கடை சைக்கிள் மணியும் வராது."

"என்ரை சைக்கிளுக்கு மணி தேவையில்லை தங்கச்சி. செயின் போடுற சத்தத்துக்கே மாடு விலகும்."

அவள் சிரித்தாள். சிரித்தபடியே முற்றத்தைப் பார்த்தாள். பத்து வயது மகள் அருந்ததி அந்த மரப்பெண்ணின் காலடியில்தான் இருந்தாள்.

குண்டுவீச்சுக்குப் பதுங்கும் பங்கரின் பனங்குற்றிக் கூரைமேல் மீனாம்பிகையின் புருஷன் தச்சன் ஏரம்பு நிறுத்திய ஆளுயரப் பெண் அது. வயிறு குடைந்த பலாமரம். பெற்றோல் இல்லாமல் படுத்துவிட்ட மோட்டார் சைக்கிள்களின் பிறேக் கம்பிகள் நாலு, அவள் கழுத்தில் தொடங்கி வயிற்றுக்குள்ளால் பங்கருக்குள் இறங்கின. கீழே ஒருவர் இருந்து இழுத்துப் பிடித்தால்தான் மேலே மீட்டுகிறவருக்கு நாதம். இழுக்க இழுக்கச் சுருதி ஏறும். ஊரே வந்து மீட்டிப் பார்த்தது. கீழே எப்போதும் ஏரம்பு. மேலே பெரும்பாலும் அருந்ததி. அவள் ஒருதரம் சுண்ட, அவர் ஒருதரம் இழுக்க, அப்பனும் மகளும் அப்படித்தான் கதைத்தார்கள்.

மார்கழி மழையில் பங்கரின் செம்மண் சுவர் சரிந்தபோதும் அவர் கீழேதான் இருந்தார். உடலை எடுத்து எரித்தார்கள். குழியை மண்ணால் நிரப்பினார்கள். கம்பிகள் தொய்ந்து கிடந்தன.

ஆனால் பிள்ளை அவ்விடத்தை விடவில்லை. இப்போது சோறும் வேண்டாமாம். நகங்களுக்குள் செம்மண். அவளை அதிலிருந்து பிரித்தெடுக்கத்தான் இந்த வியாபாரம்.

சரக்கைத் தட்டிப் பார்க்காமல் சண்முகநாதன் வாங்குவதில்லை. ஒரு கம்பியைச் சுண்டினார்.

தொய்ந்த கம்பி சடக்கென்று அடங்கியிருக்க வேண்டும். அது பாடியது.

வேலியோரம் பூவரச இலைகள் அசையாமல் நிற்க, அடுத்த வீட்டு அடுப்பின் ஈரவிறகுப் புகை முற்றத்தில் தாழ்ந்து படிய, அந்த நாதம் மரப்பெண்ணின் வயிற்றுக்குள் சுழன்று, காலடி மண்ணுக்குள் இறங்கி, மீனாம்பிகையின் உள்ளங்கால் வழியாக முழங்கால்வரை ஏறியது.

"நல்லாய் முறுக்கி வைச்சிருக்கிறியள். ஒண்டரைப் போத்தல் தரலாம்."

"கீழை மண் அண்ணை. வெறும் மண்."

"மண்ணுக்கும் சேர்த்தோ விலை?"

யாரும் தொடவில்லை. சுருதி ஏறியது. ஈரமண் வாசம் வந்தது. மழை பெய்து எத்தனையோ கிழமை.

"வெட்டுங்கோ அண்ணை. சும்மாவே கொண்டு போங்கோ."

எந்த விலைக்கும் அசையாத வியாபாரி, 'சும்மா' என்ற சொல்லுக்கு வெலவெலத்துப் போனார். ஆனாலும் பையிலிருந்து கம்பி வெட்டும் குறட்டை எடுத்தார். முதல் கம்பியை வெட்டினார்.

வெட்டுண்ட முனை தொங்கவில்லை. மரப்பெண்ணின் வயிற்றுக்குள்ளால் வழுக்கி இறங்கியது. யாரோ நிதானமாக, கைமாற்றிக் கைமாற்றி இழுப்பதுபோல.

இரண்டாவது. அதுவும்.

மூன்றாவதை வெட்டிய கையோடு குறடு விழுந்தது. வேலிப் படலை அடித்துச் சாத்தியது. சைக்கிள் செயின் சத்தம் ஒழுங்கை முடிவில் ஓய்ந்தது.

மீனாம்பிகை குறட்டை எடுத்தாள். நாலாவதையும் வெட்டினாள்.

முனை இறங்குமுன் அருந்ததி அதைப் பிடித்துவிட்டாள். மணிக்கட்டில் சுற்றினாள். ஒரு சுற்று. மறுசுற்று.

"விடு பிள்ளை."

"ஏலாது அம்மா. இதைப் பிடிச்சுத்தான் அப்பா ஏறி வாறார்."

கம்பி இறுகியது. மீனாம்பிகை மகளின் இடுப்பைக் கட்டிப்பிடித்தாள். பின்னால் இழுத்தாள். பிள்ளையின் குதிகால்கள் கூரை மண்ணை உழுதபடி முன்னால் போயின. சிறிய கை மரவயிற்றுக்குள் முழங்கைவரை புகுந்தது.

"அப்பா, மெல்ல," என்றாள் அருந்ததி. அழவில்லை.

பாரம் கூடியது. கீழே இழுப்பது ஒருவர் மட்டும் அல்ல.

நாலு கம்பி. மூன்று மண்ணுக்குள். நாலாவதில் இன்னும் ஒரு சாண் பாக்கி.