நிலைக்காலில் மூன்று வெட்டுகள்

வியாழக்கிழமை பிற்பகல் அர்லீன் ஸ்வோபோடா அந்தப் பழைய புல்மண் வீட்டின் முன்னால் வண்டியை நிறுத்தியபோது காற்று முற்றிலும் அடங்கியிருந்தது. நெப்ராஸ்காவின் மேற்குச் சமவெளியில், அதுவும் அக்டோபரில், அது அபூர்வம். வண்டியின் கதவைச் சாத்திய சத்தம் வெகுதூரம் சென்று, திரும்பி வராமல் மறைந்தது.

பார்வையாளர்களுக்குத் திறந்துகாட்டும் அந்த நினைவு வீட்டின் சாவி பத்தொன்பது ஆண்டுகளாக அவளிடம் இருந்தது. வசந்தத்தில் வடக்குச் சுவர் உள்வாங்கியதிலிருந்து அவள் சரியாக உறங்கவில்லை. சனிக்கிழமை தொன்மைச் சின்ன அலுவலர் பார்வையிட வருகிறார். சுவர் உறுதியாக நிற்காவிட்டால் வீட்டை இடித்துவிட்டு அந்த இடத்தில் ஓர் அறிவிப்புப் பலகையை நடுவது என்று மாவட்டக் குழு முடிவு செய்திருந்தது.

புல்வேரோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளை அடுக்கிக் கட்டுவது புல்மண் வீடு; அதை உழுத நிலத்து மண்ணால் பழுதுபார்க்க இயலாது. கலப்பை காணாத தரையில்தான் புல்வேர்கள் மண்ணைக் கல்லைப் போல் இறுக்கி வைத்திருக்கும். அந்த வட்டாரத்தில் அப்படிப்பட்ட நிலம் ஒன்றே ஒன்றுதான் எஞ்சியிருந்தது: தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தின் தென்கிழக்கு மூலை. அங்கே ஒரு கல்லறைக் கல்கூட இல்லை. அங்கே வெட்டலாமா என்று, சுவரைக் கட்டித்தர ஒப்புக்கொண்ட பக்கத்துப் பண்ணைக்காரர் மெர்ல் கேட்டபோது அர்லீன் தயங்காமல் சொல்லியிருந்தாள்: “அங்க யாரும் இல்லை. வெட்டு.”

மேசைவிரிப்பின் மடிப்பில்கூடக் கோணலைப் பொறுக்காதவள், தேவாலயப் பதிவேட்டை மட்டும் திறந்து பார்க்கவில்லை.

மெர்ல் கடைசிப் பூச்சை முடித்துக் கரணையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கட்டிகளைப் புல் கீழ்நோக்கி இருக்கும்படி அடுக்கி, மேலே சுண்ணாம்புச் சாந்து பூசியிருந்தார்.

“தட்டிப் பாரு. ஒரு கட்டிகூட ஆடாது.”

“சுவரைப் பார்த்தாச்சு. தரையில சிந்தி வெச்சிருக்கியே, அதைத்தான் பார்க்கிறேன்.”

“உன் விளக்குமாத்துக்குப் பயந்துதான் இந்த வீட்டுல ஒரு பேய்கூடக் குடிவரலை, அர்லீன்.” சிரித்துக்கொண்டே அவர் கிளம்பினார்.

அவள் பெருக்கினாள். பிறகு, வழக்கம்போல் ஈரத்துணியால் கதவு நிலையின் இடதுகாலைத் துடைத்தாள். அதில்தான் வீட்டைக் கட்டிய பெர்க்விஸ்ட் குடும்பத்தின் பிள்ளைகளுடைய உயரம் கத்தியால் வெட்டிக் குறிக்கப்பட்டிருந்தது. தோரா, ஆக்செல், சிக்னே. ஆண்டுதோறும் நவம்பரில் அவர்களின் தாய் இங்கேபோர் அந்தப் பிள்ளைகளை அங்கே நிறுத்தி அளந்திருக்கிறாள். கடைசி மூன்று வெட்டுகள் ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தேழாம் ஆண்டினுடையவை. ஏன் அதோடு நின்றது என்று பார்வையாளர்கள் கேட்டால், பிள்ளைகளைப் படிக்க வெளியூர் அனுப்பியிருப்பார்கள் என்று அர்லீன் விடையளிப்பாள்.

துணியைப் பிழியும்போதுதான் அவள் அந்த வாசனையை உணர்ந்தாள்.

கந்தகப் புகை.

அடுப்பில் நெருப்பு இல்லை. சுற்றிலும் பார்த்தாள். புதிய பூச்சு எங்கும் காய்ந்து வெளுக்கத் தொடங்கியிருக்க, மூன்று இடங்களில் மட்டும் கருமையாக ஈரம் நின்றது. ஒன்றைவிட ஒன்று உயரமாக, படிக்கட்டைப் போல. மிகத் தாழ்வாக இருந்த ஈரத்தின் மீது அவள் உள்ளங்கையை வைத்தாள்.

வெதுவெதுப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவள் கதவைத் திறந்தபோது அந்த மூன்று இடங்களிலும் சாந்தைப் பிளந்துகொண்டு புல் முளைத்திருந்தது. ஓர் இரவில் விரல் நீளம். மெல்லிய, வெளிறிய புல். நடுவில் வகிடு எடுத்து, இருபுறமும் படிய வாரிவிட்டதைப் போல் அது படிந்திருந்தது.

அவள் வெளியே வந்து, மெர்லுடைய வண்டி வரும்வரை வெயிலில் நின்றாள்.

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அக்குளில் ஒரு பழைய பதிவேடு.

“பாதிரியார் வீட்டுல கேட்டு வாங்கிட்டு வந்தேன். ராத்திரி முழுக்க மனசு கேட்கலை,” என்றார். “அந்த மூலை காலி இல்லை, அர்லீன்.”

“யாரு?”

“பெர்க்விஸ்ட் பிள்ளைங்க. மூணு பேரும். எண்பத்தெட்டு சனவரி, ஒரே வாரத்துல. தொண்டை அடைப்பான். அந்தக் காலத்துல அதுக்கு வீட்டுக்குள்ள கந்தகத்தைத்தான் புகைப்பாங்க.” தாழ்ந்த குரலில் தொடர்ந்தார். “கல்லுக்கு வழியில்லாம பலகை நட்டிருக்காங்க. அப்புறம் புல்வெளித் தீயில பலகை எரிஞ்சு போச்சாம்.”

“அவங்க அம்மா?”

“இந்த வீட்டுலயேதான் இருந்திருக்கா. சாகிற வரைக்கும்.”

அர்லீன் பதிவேட்டை வாங்கி, ஒவ்வொரு சொல்லையும் படித்தாள். பிறகு மூடினாள்.

“மண்வெட்டி எங்க?”

“அந்தச் சுவர்தான் கூரையைத் தாங்குது. எடுத்தா வீடு நிக்காது. நாளைக்கு ஆள் வருது.”

“தெரியும். தப்பு என்னோடது. விழுந்தா விழட்டும். மூணையும் அந்த மூலையிலயே திரும்ப வெச்சிடணும். நீ வண்டியைப் பின்னால எடுத்துட்டு வா.”

அவள் தனியாக உள்ளே சென்றாள். மிகத் தாழ்வாக இருந்த கட்டியைச் சுற்றிச் சாந்தைச் செதுக்கி, இரு கைகளாலும் பற்றி இழுத்தாள். வேர்கள் ஒவ்வொன்றாக அறுபட்டன. கட்டி அவள் மடிக்கு வந்தது. தூங்கும் குழந்தையின் கனம்.

கதவு சாத்திக்கொண்டது.

காற்று இல்லை.

பனி குவிந்தாலும் திறக்க முடியவேண்டும் என்பதற்காக, அக்காலத்தவர் கதவை உள்நோக்கித் திறக்கும்படி அமைத்திருந்தனர். அர்லீன் கட்டியை இடுப்பில் அணைத்தபடி எழுந்து, கைப்பிடியைப் பற்றி இழுத்தாள். அது அசையவில்லை. மெர்ல் வெளியிலிருந்து தோள் கொடுத்து மோதினார். கதவு ஒரு விரற்கடை உள்ளே வந்து, மெல்லத் திரும்பிச் சென்றது, உள்ளிருந்து யாரோ முதுகைச் சாய்த்துத் தாங்குவதைப் போல.

“அர்லீன், குறுக்க என்ன இருக்கு?”

கதவு முழுவதும் அவள் கண்முன் இருந்தது. குறுக்கே எதுவும் இல்லை.

கந்தக நெடி தொண்டையை அடைத்தது. கூரைக்கடியில், உதிரும் மண்ணைத் தாங்கக் கட்டிய வெள்ளைத் துணி மூச்சு விடுவதைப் போல் ஏறி இறங்கியது. அப்போது தரையில் ஒரு சத்தம்: நீண்ட பாவாடையின் விளிம்பு மண்தரையில் உரசும் சத்தம். அவளுக்கு அது பழக்கமானதுதான். பத்தொன்பது குளிர்காலங்களாக அவள் அதைக் கேட்டு, எலி என்று ஒதுக்கியிருக்கிறாள். எப்போதும் அடுப்பிலிருந்து தொடங்கி, கல்லறைத் தோட்டம் தெரியும் சன்னல்வரை செல்லும். அங்கே நிற்கும்.

சுவர் எழும்பிய நாளிலிருந்து அது ஒருமுறைகூடச் சன்னலுக்குச் செல்லவில்லை.

இப்போது அது அவளை நோக்கி வந்தது.

மிக அருகில் நின்றது. அர்லீனின் கையிலிருந்த கட்டியின் புல், தொடப்படாமலே, ஒருபுறமாக மெதுவாகப் படிந்தது.

“எனக்குத் தெரியாது,” என்று அர்லீன் முணுமுணுத்தாள். “தெரிஞ்சிருக்கணும். தெரியாது.”

அவள் மண்டியிட்டு, கட்டியை அதன் இடத்திலேயே திரும்ப வைத்தாள். விளிம்பு பிசகாமல், உதிர்ந்த மண்ணை விரலால் அள்ளி இடுக்குகளை நிரப்பி, ஒழுங்காக வைத்தாள்.

கதவு திறந்துகொண்டது. மெர்ல் தடுமாறி உள்ளே வந்து விழுந்தார்.

வெளியே, மெர்ல் தெர்மாஸைத் திறந்து இருவருக்கும் காப்பி ஊற்றினார்.

“அந்த மூலையில மூணு கல்லாவது நடுவோம்,” என்றார்.

“நடு.” அர்லீன் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். “ஆனா இப்ப அங்க யாரும் இல்லை.”

சனிக்கிழமை அலுவலர் வந்தார். இளம்பெண், கையில் அளவு நாடாவும் படிவமும். அவர் வருவதற்கு அரைமணி நேரம் முன்பு அர்லீன் தரையைப் பெருக்கி முடித்திருந்தாள். சுவரில் புல் இல்லை, ஈரமும் இல்லை; செதுக்கிய இடத்தில் மெர்ல் மறுபடி பூசிய சாந்தும் காய்ந்திருந்தது. அலுவலர் சுவரைத் தட்டினார், அளந்தார், மெச்சினார்.

“நூறு வருஷம் நிக்கும் போல இருக்கே. வேற எதையும் மாத்தலையே மேடம்?”

“சுவரைத் தவிர எதுவும் மாறலை.”

“வீடு தப்பிச்சுது.” கையெழுத்திட்டுவிட்டு வாசலுக்கு வந்த அலுவலர், நிலையருகில் நின்றார். குனிந்து விரலால் தடவினார். “அப்ப இது? யாரோ பார்க்க வந்தவங்க விளையாடியிருக்காங்க போல. கவனிச்சுக்குங்க.”

அவருடைய வண்டி சாலையில் மறையும்வரை அர்லீன் காத்திருந்தாள். பிறகே குனிந்து பார்த்தாள்.

கடைசி மூன்று வெட்டுகளுக்கும் மேலே ஒவ்வொரு புதிய வெட்டு இருந்தது. வெட்டுவாயில் மரம் இன்னும் வெள்ளையாக இருந்தது. அவளே பெருக்கிய தரையில், நிலைக்காலின் அடியில், மூன்று சின்ன மரச்சுருள்கள் கிடந்தன.

பிள்ளைகள் ஒரு விரற்கடை வளர்ந்திருந்தார்கள்.