ஒண்டேயைப் பழக்கிய கைகள்

பாம்பு வெதுவெதுப்பாக இருந்தது.

வெனிங் இரண்டு கைகளையும் அதன் வயிற்றுக்கடியில் கொடுத்துத் தூக்கியபோதே அது உறைத்தது. போகோர் நகரில் காலையிலிருந்து ஓயாத மழை. சுவரைத் தொட்டாலே சில்லென்றது. நேற்றும் முந்தாநாளும் ஈரத்துணி போலக் குளிர்ந்து கிடந்த பாம்பு, இன்று மட்டும் யாரோ வெகுநேரம் மடியில் வைத்திருந்துவிட்டு அப்போதுதான் பெட்டிக்குள் இறக்கிவிட்டதுபோல் இருந்தது.

தம்பி தெகார் வாங்கிவந்த குட்டி மலைப்பாம்பு. பயந்தால் தலையை உள்ளே ஒளித்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும் என்பதால், அந்த ஊர் எள்ளுருண்டையான ஒண்டே-ஒண்டேயின் பெயரையே வைத்து ஒண்டே என்று கூப்பிட்டான். வாங்கிய வாரமே அவனுக்குச் செமாராங்கில் வேலைப் பயிற்சி வந்துவிட்டது. "தினம் அஞ்சு நிமிஷம் கையில வெச்சிரு அக்கா. இப்ப விட்டுட்டா அப்புறம் ஆளைக் கண்டாலே சீறும்" என்று கெஞ்சினான். அம்மா போனபின் அவனைத் தூக்கி வளர்த்தவள் வெனிங். புழுவுக்கே பயப்படுகிற அவள், அவனுக்காகத் தலையாட்டினாள்.

அன்று சாயங்காலம் போனில் சொன்னதும் தெகார் சிரித்தான்.

"சூடா இருக்கா? பாம்புக்குக் காய்ச்சலாக்கா? பயத்துல உன் கைதான் வேர்த்திருக்கும். சுருண்டுச்சா?"

"இல்லடா. அது பாட்டுக்குக் கையில ஊர்ந்துச்சு."

"சுருளவே இல்லையா?" அவன் குரல் மாறியது. "மூணு நாள்ல அப்படி வராதேக்கா. ஒரு மாசமாவது ஆகும். உனக்குக் கைராசிதான் போ."

அவள் சிரிக்க முயன்றாள்.

மறுநாள் மருந்துக்கடை வேலை முடிந்து, நனைந்த குடையை வாசலில் சாய்த்துவிட்டுப் பூட்டைத் திறந்து உள்ளே போனாள். பாம்பைத் தொடுமுன் கை கழுவ வேண்டும், எலி வாசனை ஒட்டியிருந்தால் கடித்துவிடும் என்பது தெகார் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். சமையலறைத் தொட்டிக்குப் போனவள் அப்படியே நின்றாள். சோப்பின் மேல் நுரை. புது நுரை. குமிழிகள் ஒவ்வொன்றாக உடைந்துகொண்டிருந்தன. குழாயிலிருந்து கடைசிச் சொட்டு விழுந்தது.

பெட்டியின் இரண்டு கொக்கிகளும் மாட்டியபடியேதான் இருந்தன. உள்ளே ஒண்டே. வெதுவெதுப்பாக.

மாற்றுச்சாவி பக்கத்து வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மாவிடம்தான் இருந்தது. கேட்டதும் அவள் பதறிப்போனாள்.

"நானா? பாம்பு இருக்கிற வீட்டுக்குள்ளயா? என்னைக் கொன்னுபோட்டாலும் வரமாட்டேம்மா! இதோ பாரு, சாவி ஆணியிலேயே தொங்குது. தூசிகூடத் தட்டல."

மறுநாள் வெனிங் விடுப்பு எடுத்தாள். கதவை உள்ளே தாழிட்டாள். ஜன்னல் கொக்கிகளை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். பெட்டிக்கு எதிரே சோபாவின் ஒரு ஓரத்தில், மடியில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்று மணி ஆயிற்று. ஓட்டின் மேல் மழை ஒரே சுதியில் கொட்டிக்கொண்டிருக்க, பக்கத்து வீட்டில் சோயா தெம்பே பொரிக்கும் எண்ணெய் வாசனை ஈரத்தோடு கலந்து உள்ளே வர, மூடிய திரைக்குப் பின்னாலிருந்து வந்த சாம்பல் வெளிச்சத்தில் நாற்காலியும் மேசையும் அவற்றின் நிழலும் ஒன்றாகக் கரைந்து போயின. அவளுக்குக் கண் செருகியது.

சமையலறையில் குழாய் திறந்தது.

தண்ணீர் ஓடியது. சற்று நேரம். நின்றது.

காலடிச் சத்தம் இல்லை. எதுவுமே இல்லை. சோப்பு மணம் மட்டும் அவளைக் கடந்து போயிற்று.

டக். ஒரு கொக்கி. டக். இன்னொன்று.

மூடி மெல்ல எழுந்து ஓரமாக நகர்ந்தது. ஒண்டே மேலே வந்தது. பெட்டியின் விளிம்பைப் பற்றி ஏறவில்லை. தூக்கப்பட்டு வந்தது. வயிறு நடுவில் தாங்கப்பட்டு, தலையும் வாலும் இருபுறமும் லேசாகத் தொங்க, தரையிலிருந்து நெஞ்சுயரத்தில் வெறும் காற்றில் கிடந்தது. பிறகு சாவகாசமாக ஊர்ந்தது. எதையோ சுற்றியது. ஒரு மணிக்கட்டின் பருமன். அங்கிருந்து இன்னொன்றுக்கு மாறியது. நாக்கு வெளியே வந்து, நிதானமாகத் துழாவி, உள்ளே போனது. அதற்குப் பயமே இல்லை.

கதவு அதற்குப் பின்னால் இருந்தது.

வெனிங் கத்த வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. சோபாவின் மூலையோடு ஒட்டிக்கொண்டாள்.

பாம்பு அவளை நோக்கி வந்தது. ஓர் அடி. நின்றது. இன்னோர் அடி. அவசரமே இல்லை. அவள் கண் அதைவிட்டு அகலவில்லை. அந்தப் பாம்பு இருக்கும் இடத்தை வைத்துத்தான், அதை ஏந்தியிருப்பது நிற்கும் இடம் தெரிந்தது.

முழங்காலுக்கு முன்னால் வந்து நின்றது. குனிந்தது. பாம்பைப் பதமாக அவள் மடியில் இறக்கி வைத்தது.

பாரம். சூடு.

எதிரே காற்று காலியாக இருந்தது. அந்தக் கைகளில் இப்போது எதுவும் இல்லை.

வெனிங் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். மழை. மழை மட்டும்.

அவளுக்குப் பக்கத்தில், சோபாவின் மெத்தை மெல்ல அழுந்தியது.