முகமில்லாத மரணம்

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மதியம், துப்பறியும் ஹிப்போலித்தின் வீட்டு வாசலில் ஓவியர் செவெரின் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"என் படத்துல மரணத்தோட முகத்தை யாரோ வெட்டி எடுத்துட்டாங்கய்யா! யாரோ என்ன, எனக்கு மாடலா நின்ன ப்ரோங்காதான். 'சாவுக்கு என் முகத்தை வெச்சா கல்யாணமே ஆகாது'ன்னு ரெண்டு மாசமா அழுதா. பொழுது சாயறதுக்குள்ள அவளைப் போலீஸ்ல ஒப்படைக்கப்போறேன்."

ஹிப்போலித் தேநீரைக் குடித்து முடித்த பிறகுதான் எழுந்தார். அதற்குள் அவருடைய நண்பர் டாக்டர் லுபோமிர் இரண்டு முறை தொப்பியைப் போட்டுக் கழற்றிவிட்டார்.

கிராகோ நகரத்தில் மரணத்தைப் பெண்ணாகத்தான் வரைவார்கள். செவெரின் வீட்டு ஓவிய அறையில் இருந்த படத்திலும் வெள்ளை உடுத்திய ஒருத்தி, ஒரு கிழவரின் வாசலில் நீண்ட அரிவாளோடு நின்றாள். முகம் இருந்த இடத்தில் ஓட்டை.

"ஆத்திரத்துல கிழிச்சிருக்கா," என்றார் டாக்டர்.

"ஆத்திரக்காரி காதோரத்து முடிகூடப் பிசகாம வெட்டுவாளா, டாக்டர்?"

மூலையில் விசும்பிக்கொண்டிருந்த ப்ரோங்காவிடம் ஹிப்போலித், படத்துக்காக அங்கே வைத்திருந்த அரிவாளை நீட்டினார். "எப்படிம்மா நின்னே, காட்டு."

அவள் வலது கையால் பிடித்தாள்.

"படத்துல இடது கையில இருக்கே?"

"அப்படிப் பிடிச்சா எங்க ஊர்ல கைகொட்டிச் சிரிப்பாங்கய்யா. இடது கைக்குன்னு யாரும் அரிவாளே அடிக்கிறதில்லை."

செவெரின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த அறையில் அவர் மனைவி எவ்ஃபேமியா பண்டிகை மேசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். மூன்று தட்டுகள். மூன்றாவதற்கு மட்டும் கரண்டி இடப்பக்கம் இருந்தது.

"வராத விருந்தாளிக்கு எல்லா வீட்லயும் ஒரு தட்டு வைப்பாங்க," என்றார் ஹிப்போலித். "அந்த விருந்தாளிக்கு இடது கைப் பழக்கம்னு இந்த வீட்ல மட்டும்தான் தெரிஞ்சிருக்கு. யாரும்மா அவ?"

எவ்ஃபேமியா தையல் கூடையிலிருந்து வெட்டிய முகத்தை எடுத்தார். "என் மக சோஃபியா. போன வசந்தத்துல காய்ச்சல்ல போனா. இவர் படத்தை யாருக்கும் காட்டவே இல்லை. நேத்து திரையை விலக்கிப் பார்த்தேன். கண்காட்சியில ஊர் பூரா எம் பொண்ணைப் பார்த்து சாவுன்னு சொல்லணுமா?"

செவெரின் ப்ரோங்காவைப் பார்த்து, "மன்னிச்சிடும்மா, நீ கிளம்பு," என்றார். பிறகு மனைவியிடம் மெல்லச் சொன்னார்: "சாவா வேற யார் வந்தாலும் பயப்படுவேன். அவ வந்து கூப்பிட்டா பேசாம எழுந்து போயிடுவேன். அதான்."

எவ்ஃபேமியா மகளின் முகத்தை மடியில் வைத்து நீவிவிட்டார்.

"அப்ப என்னைக் கூப்பிட யாருங்க வருவா?"