வளையாத போர்க்

"ஐயோ!"

பட்டறைக்குள்ளிருந்து அலறல்!

டீ வாங்கக் கிளம்பிய கொழுந்தன் பாதி வழியில் திரும்பி ஓடி வந்தான்.

"என்ன அண்ணி? கையை நசுக்கிட்டீங்களா?"

"ஒண்ணுமில்ல தம்பி... ஸ்பேனர் வழுக்கிடுச்சு."

பொய்! ஊரே 'ஸ்பேனர் அக்கா' என்று கூப்பிடும் அவள் கையில் ஸ்பேனர் வழுக்கியதாகச் சரித்திரமே இல்லை.

மேஜை மேல் ஒரு பழைய போர்க். முன் சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய். முகமே காட்டாத ஒரு கஸ்டமருக்காக அவள் கட்டிக்கொண்டிருந்த பைக்கில் மாட்டச் சொல்லிக் கொழுந்தன் காலையில் கொண்டுவந்தது.

எந்த மாடல் என்று தெரிய வேண்டாமா? வெர்னியர் அளவுகோலில் அளந்தாள். புதுக் கறுப்புப் பெயின்ட்டைச் சுரண்டினாள். நடுத் தண்டை, அதுதான் ஸ்டெம்மை, துணியால் துடைத்தாள்...

அடியில் ஒரு பித்தளை புஷ், சின்ன வளையம். அதில் மூன்று புள்ளி! அலறியது அப்போதுதான்.

அதை லேத்தில் கடைந்தவள் அவள். புள்ளி குத்தியவளும் அவளே. தன் வீட்டுக்காரரின் பைக்குக்காக!

அந்த வீட்டுக்காரர் போன வருஷம் பாலத்துச் சுவரில் நேருக்கு நேர் மோதி ஆற்றில் விழுந்துவிட்டதாகச் சொன்னார்கள். உடல் கிடைக்கவில்லை. 'முன்பக்கம் சுக்குநூறு அண்ணி. நீங்க பார்க்க வேணாம், காயலான் கடையில போட்டுட்டேன்' என்றவன் இந்தக் கொழுந்தன்தான்.

கொழுந்தன் மறுபடி டீ வாங்கப் போனதும், குழாய்களைக் கழற்றிக் கண்ணாடிப் பலகை மேல் உருட்டினாள்.

மயிரிழை வளைவுகூட இல்லை!

சுவரில் மோதிய போர்க் நேராக இருக்குமா?

ஒரு வருஷம் அழுதிருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்து ஆறுதல் சொன்னவன் இவன். அண்ணனை இவனே தீர்த்துக்கட்டிவிட்டானா? இல்லை... அவர் உயிரோடு இருக்கிறாரா?

டீயோடு திரும்பியவனிடம் கேட்டாள். "தம்பி... இது எங்க கிடைச்சுது?"

"கஸ்டமரே குடுத்தாரு. இதைத்தான் மாட்டணுமாம். உங்க கைதான் படணுமாம்."

"அப்படியா! நாளைக்குப் பத்து மணிக்கு அவரையே வரச் சொல்லு. ஆளை உட்கார வெச்சுத்தான் ஹேண்டில் உயரம் செட் பண்ணணும்."

"அவருக்கு நேரம்..."

"வரலைன்னா வண்டி கிடையாது!"

கொழுந்தன் தலையாட்டினான். அவன் நகர்ந்ததும் அவள் போனை எடுத்தாள்.

"இன்ஸ்பெக்டர் சார்... உங்க வண்டிக்கு பிரேக் போட்டாச்சு. நாளைக்குப் பத்து மணிக்கு வந்து எடுத்துக்குங்க."

மறுநாள். பத்து மணி.

ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒரு ஆள் வந்தான். வாயைத் திறக்கவில்லை.

"அவருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு அண்ணி."

"பரவால்ல. ஓட்டிப் பாருங்க சார். மெதுவா... வாசல் வரைக்கும்."

மெதுவாகப் போனால் ஒன்றும் ஆகாது. ஸ்டெம் நட்டை அவள் மாட்டவில்லை. குழாய்களைப் பிடிக்கும் கிளாம்ப் போல்ட்டுகளை இறுக்கவில்லை. ஆனாலும் முன் சக்கரம் தரையில் இருக்கும்வரை எதுவும் கழலாது.

ஆனால் அவள் வீட்டுக்காரர் முன் சக்கரத்தைத் தூக்காமல் ஒருநாளும் கிளம்பியதில்லை!

வ்ர்ரூம்ம்ம்...!

வண்டியின் மூக்கு மேலே எழும்பியது. போர்க்கும் சக்கரமும் பொத்தென்று கீழே விழுந்தன. கையில் ஹேண்டில் பார் மட்டும் இருக்க, ஆசாமி அவள் அடுக்கி வைத்திருந்த பழைய டயர்களுக்குள் போய்ச் செருகிக்கொண்டான். ஹெல்மெட் உருண்டது.

அதே முகம்!

"போகணும்னா சொல்லிட்டுப் போயிருக்கலாமே! எதுக்குச் செத்தீங்க?" அவள் குரல் உடைந்தது.

"அது... வேற ஒருத்தி... ஆனா வண்டி வேலைக்கு உன்னை மாதிரி யாருமே கிடைக்கலை..."

பெண்டாட்டி வேண்டாம். மெக்கானிக் மட்டும் வேண்டுமாம்!

நழுவப் பார்த்த கொழுந்தனின் காலரைப் பிடித்தபடி இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார்.

"யாரும்மா இந்த ஆளு?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்பேனரை அவரிடம் நீட்டினாள்.

"போன வருஷம் நீங்க மூடின கேஸ் சார். முன்பக்கத்தை நான் கழட்டிட்டேன்... மிச்சத்தை நீங்க கழட்டிக்குங்க!"