மலையிலிருந்து வந்த திருநீற்றுச் சிமிழ்

"இந்த வெள்ளிக்கிழமை அவருக்குக் கிரியை செய்யவேணும் எண்டு தம்பி ஒற்றைக்காலில நிக்கிறான். செய்யலாமோ அண்ணை?"

ஸ்பிரிங்வேலில் தன் வீட்டுக் கூடத்தில் பவளம் இதை வரதராஜாவிடம் கேட்டாள். கொழும்புப் பொலிசில் முப்பது வருடம் துப்புத் துலக்கியவர். மெல்பேர்னில் ஏன் என்று கேட்க நாதியில்லாத ஓய்வுக்காரர். ஆகவே தனிமையில் இருப்பவளின் கேள்வியை அவர் லேசாக எடுப்பதில்லை.

கப்பல் கிளார்க்கான அவள் கணவர் ஆனந்தராஜா, 1941இல் மணிலாவில் யுத்தத்துக்குள் அகப்பட்டு மலைக்கு ஓடினார் என்பதோடு செய்தி நின்றுபோனது. முப்பத்தைந்து வருடம் காத்திருந்தாள். போன கிழமை தம்பி யோகேஸ்வரன் பிலிப்பைன்ஸ் மலைகளில் பழைய போர்க்களங்களைச் சுற்றிவிட்டு ஒரு வெள்ளிச் சிமிழோடு திரும்பினான்.

"பைன் மரங்களுக்குக் கீழ பதுங்குகுழியெல்லாம் தூர்ந்து கிடக்குது. துருப்பிடிச்ச ஹெல்மெட்டில கோழிக்குத் தண்ணி வைக்கினம். ஒரு குகையில எலும்புக்கூடு. அதுக்குப் பக்கத்திலதான் இது கிடந்தது" என்றான் அவன், தரையைப் பார்த்தபடி.

"சிமிழ் அவருடையதுதான். கலியாணத்துக்கு எங்கட ஐயா குடுத்தது" என்றாள் பவளம். "தம்பி எயார்போட்டால நேர வந்து, சாமித்தட்டில வச்சுப்போட்டுத்தான் தேத்தண்ணியே கேட்டவன்."

கூட இருந்த பக்கத்து வீட்டுக் கோபாலகிருஷ்ணன் இரசாயன ஆசிரியர். எதிலும் முந்திரிக்கொட்டை. "சார், இது டூப்ளிகேட்! இத்தனை வருஷ மழையில வெள்ளி இப்படியா மின்னும்?"

"நான்தான் துடைச்சனான்" என்றான் யோகேஸ்வரன்.

"வெள்ளியை விடுங்கோ" என்றார் வரதராஜா. "யோகேஸ், செத்தவீட்டுக்குப் போய்வந்தாலே குளிக்காமல் வீட்டுக்குள்ள கால் வைக்காத ஆக்கள் நாங்கள். பிணத்துக்குப் பக்கத்தில எடுத்ததை நேர சாமித்தட்டில வச்சிருக்கிறீர். துடக்கு, தீட்டு எண்ட நினைப்பே உமக்கு வரேல்லை. ஏனெண்டால் அதில துடக்கில்லை. உயிரோட இருக்கிற ஒருத்தர் அதை உம்மட கையில தந்திருக்கிறார்."

யோகேஸ்வரன் விம்மி அழத் தொடங்கினான். "அங்க அவருக்கு ஒரு குடும்பம் இருக்கு, அக்கா. நாலு பிள்ளையள். செத்துப்போனன் எண்டு சொல்லிவிடு எண்டு என்ர கையைப் பிடிச்சுக் கெஞ்சினவர். உன்னை ஆரும் வாழாவெட்டி எண்டு சொல்லப்படாது எண்டுதான் நானும்..."

வரதராஜாவுக்குத் தன் கெட்டித்தனத்தின் மேலேயே வெறுப்பு வந்தது. ஒரு பொய்யை உடைத்து இவளுக்கு என்னத்தைக் கொடுத்துவிட்டோம் என்று மனம் குமைந்தது.

"சுகமாய் இருக்கிறாரோ?" என்று கேட்டாள் பவளம்.

"ஓம் அக்கா."

அவள் முகத்தில் முதலில் சந்தோசம்தான் வந்தது. உண்மையான சந்தோசம். அது மெல்ல வடிந்த பிறகு, தம்பியை விட்டு வரதராஜாவின் பக்கம் திரும்பினாள்.

"அப்ப, இனி நான் ஆர் வருவார் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறது அண்ணை?"